எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய படகு

என் முதல் வேலையில் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் காரியம், வைரக் கற்களை லட்டுகளாக மாற்றுவது.

செல்போன் விளையாட்டைத்தான் சொல்கிறேன். இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில் போன் என்றால் பட்டன் போன். தீப்பெட்டி அளவுக்குத் திரை. இரண்டு, நாலு, ஆறு, எட்டு என்ற பட்டன்களை அழுத்தினால் திரையில் இருப்பது மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகரும். ஐந்தை அழுத்தினால் ஏதாவது நடக்கும். அந்தச் சின்னத் திரைக்குப் புதிர் விளையாட்டுகள் செய்து செல்போன் சேவைக் கம்பெனிகளுக்கு விற்கும் ஒரு பொடிக் கம்பெனி ஜெயநகரில் ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது. இன்ஜினியரிங் முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். சாயங்காலமானால் கீழேயிருந்து காரா பன் வேகும் வாசனை மாடிப்படி ஏறி வரும். விளையாடுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டுப் போயிருந்தேன்.

போய்ப் பார்த்தால், காப்பி அடிப்பதற்குச் சம்பளம்.

எங்கள் முதலாளி கெட்டவர் இல்லை. பல தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். முன்னோர்கள் எல்லாம் மைசூர் சர்க்கார் உத்தியோகம். ஒரு வாக்கியத்தைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். வெளிநாட்டில் யாரோ செய்து நன்றாக ஓடிய ஒரு விளையாட்டைத் தன் போனில் இறக்கிக்கொண்டு வந்து, என் மேசைமேல் வைப்பார்.

"இதான் ரெஃபரன்ஸ். சேம் டு சேம் பண்ணு. ஸ்கின் மட்டும் மாத்து."

உள்ளே எலும்பு, நரம்பு எல்லாம் அப்படியே இருக்க, மேல்தோலை மட்டும் உரித்து வேறு தோல் போர்த்துவதற்குத்தான் ஸ்கின் மாற்றுவது என்று பெயர். அப்படித்தான் வைரம் லட்டு ஆனது. பாம்பு ரயில் ஆனது. மேலிருந்து விழும் செங்கல்கள் கடலைக்காய் மூட்டைகள் ஆயின. தோலை வரைந்து கொடுப்பவர் என் பக்கத்து நாற்காலிக்காரர். கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்திலிருந்து அப்போதுதான் பெங்களூர் வந்திருந்தார். எதற்கும் பதற மாட்டார்.

"வைரமோ லட்டோ, எனக்கு எல்லாம் ஒண்ணுதானுங்க. நாலு பக்கமும் பதினாறு புள்ளி. அதுக்குள்ள எதைக் கேட்டாலும் வரஞ்சு தாரேன்."

ஒரே நிறக் கற்கள் மூன்று சேர்ந்தால் மறையும் அந்த வைர விளையாட்டில் ஒரு விசித்திரம் இருந்தது. மற்றக் கற்கள் எல்லாம் சிவனே என்று கிடக்க, பச்சைக் கல் மட்டும் அவ்வப்போது ஒரு குலுக்குக் குலுங்கும். தும்மல் வந்த மாதிரி. விளையாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

"சார், இது ஏன் குலுங்குது?" என்று முதலாளியைக் கேட்டேன்.

"ரெஃபரன்ஸ்ல இருக்கில்ல? இருக்கட்டும். நீயும் குலுக்கு."

குலுக்கினேன். எங்கள் பிஸ்தா லட்டு கர்நாடகம் முழுக்க, ஏன் தமிழ்நாடு முழுக்கவும், யாரோ வாங்கின சளியைத் தும்மிக்கொண்டிருந்தது.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம் குறைச்சல். ஒரு நாள் முதலாளி இன்னொரு போனைக் கொண்டுவந்து வைத்தார். பார்த்தால் அதே வைரம், கொஞ்சம் வேறு நிறத்தில். இதைத் தேங்காய் ஆக்க வேண்டுமாம்.

"சார், லட்டு பண்ணியாச்சு. அதையே திரும்பத் தேங்காயா? நம்மளே ஒண்ணு புதுசா யோசிச்சா என்ன சார்?"

"யோசி. யாரு பேடான்னா, வேண்டாம்னா? ஆனா ஓடுமா ஓடாதான்னு தெரியாத வண்டில நான் ஏற மாட்டேன்."

"ஓடும் சார். நான் பண்றேன்."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாதக் கடைசியில் ஒரு செல்போன் சேவைக் கம்பெனியிலிருந்து ஆட்கள் புது விளையாட்டுகளைப் பார்க்க வருவதாக இருந்தது. "அதுக்குள்ள கைல வெச்சு விளையாடற மாதிரி ஒண்ணு காட்டு. நன்னா இருந்தா அவங்க முன்னாடி வைக்கறேன். இல்லேன்னா தேங்காய். அப்புறம் ஒரிஜினல் கிரிஜினல்னு என் தலை தின்னக் கூடாது. சரியா?"

"சரி சார்."

"கோவத்துல வாய விட்டுட்டீங்களே" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

விட்டாயிற்று. இனி திரும்ப எடுக்க முடியாது. எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. என் சொந்த விளையாட்டு! யாரும் இதுவரை விளையாடாத ஒன்று! பஸ் நிறுத்தத்தில் நிற்பவர்கள், ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் என் மூளைக்குள் பிறந்ததில் பட்டனைத் தட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கவே உடம்பு சிலிர்த்தது.

வீட்டுக்குப் போய் உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, மூளைக்குள் இருப்பதெல்லாம் அடுத்தவர்கள் சரக்கு என்று. ஒன்று யோசிப்பேன், கொஞ்ச நேரத்தில் அது நான் ஏற்கெனவே காப்பி அடித்த ஏதோ ஒன்றாக மாறி நிற்கும். சப்பாத்தி, தோசை, ரங்கோலி, கோலிக்குண்டு என்று எதை எடுத்தாலும் மூன்று சேர்ந்தால் மறைந்து தொலைத்தது. ஒரு வாரம் இப்படியே போனது. கண்ணை மூடினால் தேங்காய் விழுந்தது.

எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, காலையில் ஆபீஸ் கிளம்பி வெளியே வந்தால் என் வண்டியை எடுக்க முடியவில்லை.

எங்கள் சந்தைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். ஒரு பக்கம்தான் வழி, மறுபக்கம் சுவர். இரண்டு பக்கமும் வீடுகள். இந்த வீட்டில் தாளித்தால் எதிர்வீட்டில் தும்முவார்கள், அவ்வளவு நெருக்கம். வீட்டுக்கு ஒரு வண்டியாவது உண்டு. எல்லாம் அந்தச் சந்துக்குள்ளேதான் நின்றாக வேண்டும். அதனால் எங்கள் சந்தில் வண்டிக்கு ஹேண்டில் லாக் போடுவது பெரிய குற்றம். யார் வேண்டுமானாலும் யார் வண்டியையும் நகர்த்தலாம். நகர்த்தினால்தான் பிழைப்பு. புதிதாகக் குடிவந்த ஒருவர் இது தெரியாமல் முந்தின நாள் நடுச்சந்தில் லாக் போட்டுவிட்டுப் போய்த் தூங்கிவிட்டார்.

"யாருய்யா இந்த ஆளு? சந்துல வண்டி வெக்கத் தெரியாதவன் பெங்களூர்ல இன்னா பண்ணப் போறான்?" என்று ஒருவர் கத்த, அந்தப் பூட்டின வண்டியைச் சுற்றிக்கொண்டு மற்ற வண்டிகளை எல்லாரும் தள்ள ஆரம்பித்தார்கள். இதைப் பின்னால் இழு, அதைக் குறுக்கே போடு, இப்போது அந்தச் சிவப்பு வண்டியை இடுக்கில் செருகு, அடுத்தது கிளம்பட்டும். நானும் ஒரு வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நின்றபடியே மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு நொடி தெரிந்தது. கட்டம். கட்டத்துக்குள் வண்டிகள். நகரும் வண்டி, நகராத வண்டி, வெளியே போகும் வாசல் ஒன்றே ஒன்று.

"ஐயோ!" என்று கத்திவிட்டேன். கால் மேல் வண்டி ஏறிவிட்டதோ என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் புதுக் குடித்தனக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு சாவியோடு ஓடி வந்தார். சந்தே அவரைத் திட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் "ரொம்ப தேங்க்ஸ் சார்" என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர் முகம் இன்னும் வாடிப்போனது.

அன்று சாயங்காலம் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, வீட்டில் இருந்த தீப்பெட்டிகளை எல்லாம் வண்டிகளாக நிறுத்தி நகர்த்திக்கொண்டிருந்தேன்.

"வேலைக்குப் போற பொண்ணு தீப்பெட்டி வெச்சு ஆடுது பாரு" என்றாள் அம்மா. "அடுப்பு பத்த வெக்கணும், ஒண்ணையாவது குடுடி."

"இதான்மா என் வேலை!"

அடுத்த சில நாட்கள் பறந்தன. நிரல் எழுதி, போனில் ஏற்றி, ஆபீசில் காட்டினேன். பக்கத்து நாற்காலிக்காரர் வாங்கினார், திருப்பித் தரவில்லை. "இருங்க, இந்த ஒண்ணை முடிச்சிட்டு" என்றவர் காரா பன் ஆறிப்போகும்வரை ஆடினார். பதறாத மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டு ஆடுவதைப் பார்க்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முதலாளியும் வாங்கி ஆடினார். "நன்னா இருக்கே மா. எங்கேயோ பாத்த மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

எங்கே பார்த்தார் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். அமெரிக்காவில் இருக்கும் தங்கை அவர் பிள்ளைக்கு அனுப்பியதாம். தட்டில் கட்டம். கட்டத்துக்குள் விரல் அளவு கார்கள். ஒரு மூலையில் வாசல். வழிமறிக்கும் கார்களை நகர்த்தி நகர்த்திச் சிவப்புக் காரை வெளியே எடுக்க வேண்டும். எப்போதோ வந்த விளையாட்டாம். போனிலும் இதற்கு ஏற்கெனவே நாலைந்து காப்பி இருக்கிறதாம்.

என் விளையாட்டேதான். பைக்குக்குப் பதில் கார்.

"பலே! நீயே போய் இவ்ளோ நல்ல ரெஃபரன்ஸ் பிடிச்சுண்டு வந்திருக்கியே. ஃபர்ஸ்ட் கிளாஸ் காப்பி! உனக்கு இப்பதான் தொழில் வந்திருக்கு."

"சார், நான் இதைப் பாத்ததே இல்ல!"

"பாத்தா என்ன, பாக்கலேன்னா என்ன? ஆல்ரெடி ஓடின விளையாட்டு. தேங்காய் வேண்டாம், இதையே வைப்போம். நீதான் ஜெயிச்சே."

மனிதர் மனதாரப் பாராட்டுகிறார். அதுதான் தாங்கவில்லை. காதிலிருந்து புகை வராத குறை. திருடவே திருடாதவளைப் பிடித்துவைத்து, என்ன அழகாகத் திருடியிருக்கிறாய் என்று மாலை போட்டால் எப்படி இருக்கும்?

"வேணாம் சார். இதை வைக்காதீங்க. நான் வேற பண்றேன்."

"ஒத்துக்கிட்டாருங்க, அப்புறம் என்னங்க?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர், முதல் முறையாகத் திரையிலிருந்து கண்ணை எடுத்து.

"அவங்க வர்ற வரைக்கும் டைம் இருக்கு. உன் இஷ்டம். இல்லேன்னா இது போகும்" என்று சொல்லிவிட்டு முதலாளி தட்டை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

அன்று வீடு திரும்பும்போது வழியெல்லாம் எனக்குள் சண்டை. சொந்தமாகக் கண்ணால் பார்த்து, சொந்தமாகக் கத்தி, சொந்தத் தீப்பெட்டியில் செய்ததே காப்பி என்றால், பிறகு எதுதான் காப்பி இல்லை? சந்து முனையில் திரும்பி, வண்டியை உள்ளே உருட்டிக்கொண்டே வழக்கம்போலக் கத்தினேன்.

"ஒன்பது!"

"ஒன்பதா? அப்படின்னா உள்ள போயிடும்மா. எனக்கு ஆறு" என்றது ஒரு குரல். "நாளைக்கு எனக்கு லீவு, நான் சுவத்துக்கிட்ட போறேன்" என்றது இன்னொன்று.

அப்படியே நின்றுவிட்டேன்.

வண்டி வாங்கின நாளிலிருந்து தினமும் சாயங்காலம் இதைக் கத்துகிறேன். சந்தில் எல்லாரும் கத்துவார்கள். மறுநாள் எத்தனை மணிக்குக் கிளம்புவோம் என்பதைச் சொல்லிக்கொண்டேதான் வண்டியை உள்ளே எடுத்துவருவது. மில் ஷிஃப்ட்டுக்காரர் ஐந்தரை, பால் பூத்துக்காரர் நாலு, பள்ளிக்கூட டீச்சர் எட்டு. கடைசியில் கிளம்புகிறவர் சுவர் ஓரம், முதலில் கிளம்புகிறவர் முனை ஓரம். வரிசையாகவே வந்தால் பரவாயில்லை. ஆனால் எட்டு மணிக்காரர் ஆறு மணிக்காரருக்குப் பிறகுதான் வீடு திரும்புவார். பிறகு இழுபறிதான். வணக்கம் சொல்வதுபோல எண்ணைச் சொல்கிறோம், அதனால் அது எங்கள் காதில் விழுவதே இல்லை.

நான் காலையை மட்டும்தான் பார்த்திருந்தேன். வண்டிகள் சிக்கிக் கிடக்கின்றன, எடு என்று. அமெரிக்கத் தட்டும் அதைத்தான் சொல்கிறது. யாரோ சிக்கவைத்துக் கொடுப்பான், நாம் பிரிக்க வேண்டும். எங்கள் சந்தில் யாரும் வந்து சிக்கவைப்பதில்லை! சாயங்காலம் நாங்களே அடுக்குகிறோம், காலையில் நாங்களே அனுபவிக்கிறோம். விளையாட்டு சாயங்காலத்தில் இருக்கிறது!

வண்டியை நடுச்சந்தில் அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். பின்னால் யாரோ திட்டினார்கள்.

முதல் பாதி சாயங்காலம். ஒவ்வொரு வண்டியாக வரும். தலைமேல் அதன் மணி எழுதியிருக்கும். அடுத்து எது வரும் என்று தெரியாது. எங்கே நிறுத்துவது என்பது ஆடுகிறவர் பாடு. இரண்டாவது பாதி காலை. மணி அடிக்க அடிக்க அந்தந்த வண்டி வெளியே போயாக வேண்டும். வழியில் நிற்பதை நகர்த்தலாம், ஆனால் நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டு ஜன்னலில் விளக்கு எரியும். எல்லா ஜன்னலும் எரிந்துவிட்டால் தோல்வி. சந்தே எழுந்துவிட்டது என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நாற்காலிக்காரரைச் சந்துக்கு வரவழைத்தேன். அவர் தன் பாட்டுக்கு ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டே போய்ச் சுவர் ஓரம் நின்றார். அங்கே நீலத் தார்ப்பாய் போர்த்தி, மஞ்சள் நைலான் கயிறு கட்டிய ஒரு ஸ்கூட்டர் நிற்கும்.

"இது யாருதுங்க?"

"எங்க அப்பாது. அதை விடுங்க. அது போகாது."

அப்பா மாநகராட்சியில் தெருவிளக்குப் பிரிவில் இருந்தார். பணம் கட்டி, வருடக்கணக்காகக் காத்திருந்து அந்த ஸ்கூட்டரை எடுத்தார். தொண்ணூற்றியொன்றில் வீட்டுக்கு வந்தது. நான் அப்போது பள்ளிக்கூடம். மாலை போட்டு, சந்தே நின்று கைதட்ட, முனைவரை ஓட்டினார். முனையில் ஒரு எருமை நின்றது. எருமை நகரவில்லை, அப்பா சாக்கடையில் இருந்தார். தாடையில் தையல் போட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அதை ஓட்டவே இல்லை. விற்கவும் விடவில்லை. "பெட்ரோல் விக்கிற வெலைக்கு யாரு ஓட்டுவான்?" என்பார். இல்லாவிட்டால் மழை என்பார். மழை இல்லாவிட்டால் வெயில் என்பார். தினமும் துடைப்பது மட்டும் உண்டு. வருடத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜை அன்று, தார்ப்பாயை அவிழ்த்துக் குங்குமம் வைத்து, முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்போம். எல்லார் வண்டியும் பழத்தை நசுக்கிவிட்டு ஜம்மென்று ஒரு சுற்றுப் போய்விட்டு வரும். எங்கள் ஸ்கூட்டர் அரையடி முன்னால் போய்ப் பழத்தை நசுக்கும். பிறகு அரையடி பின்னால் வந்து நின்றுவிடும். அதோடு அந்த வருடப் பயணம் முடிந்தது.

இதைச் சொன்னதும் அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இது இல்லாம சந்து சந்தாவே இருக்காதுங்க" என்று சொல்லி, திரையின் மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஸ்கூட்டரை வரைந்து வைத்துவிட்டார். எனக்குக் குறும்பு வந்தது. அதன்மேல் போய் ஐந்தை அழுத்தினால் அரைக்கட்டம் முன்னால் போய் அரைக்கட்டம் பின்னால் வரும்படி எழுதினேன். அப்போது சக்கரத்தடியில் ஒரே ஒரு மஞ்சள் புள்ளி தெரியும். அவ்வளவுதான். அதனால் விளையாட்டில் ஒரு லாபமும் இல்லை.

"இது ஏன் போக மாட்டேங்குது? ஆடறவங்க பக், ஏதோ தப்புன்னு நினைப்பாங்க மா" என்றார் முதலாளி.

"இருக்கு சார். இருக்கட்டும்" என்றேன். சொல்லும்போதே அது அவர் வசனம் என்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

செல்போன் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முதலாளி முதலில் லட்டுவைக் காட்டினார், ரயிலைக் காட்டினார். தலையை ஆட்டினார்கள். பிறகு என் போனை அவர்கள் முன்னால் வைத்தார். அவர்களில் ஒரு அம்மா முதல் சாயங்காலத்தைக் கன்னாபின்னாவென்று அடுக்கினார். காலை வந்தது. நாலு மணி வண்டி சுவர் ஓரம் சிக்கியிருந்தது. நகர்த்த நகர்த்த ஜன்னல் ஜன்னலாக விளக்கு எரிந்தது.

"அய்யய்யோ, எல்லாரையும் எழுப்பிட்டேனே!" என்று வாய்விட்டுச் சொன்னவர், "இருங்க, இன்னொரு வாட்டி" என்றார். பக்கத்தில் இருந்தவர், "அந்தச் செவப்பை ஏன் அங்க வெச்சீங்க? என்கிட்ட குடுங்க" என்று பிடுங்கினார். டீ ஆடை கட்டிப்போனது. "இதை எங்கேயிருந்து எடுத்தீங்க?" என்று கடைசியில் அந்த அம்மா கேட்டார். ரெஃபரன்ஸ் எது என்று கேட்கிறாராம்.

முதலாளி என்னைக் காட்டினார். "இவ சந்துலேர்ந்து" என்றார்.

அன்று கீழே பேக்கரியில் எல்லாருக்கும் என் செலவில் காரா பன். தொண்டைவரை சந்தோஷம் இருந்ததால் என்னால் ஒரு வாய்கூடத் தின்ன முடியவில்லை.

விளையாட்டு வெளியே வந்தது. ஊரைப் புரட்டிப் போடவில்லை. ஆனாலும் ஓடியது. மெஜஸ்டிக்கில் பஸ்ஸுக்கு நின்ற ஒருவர் "சே, டீச்சர் வண்டி மாட்டிக்கிச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டதை என் காதால் கேட்டேன். நாங்கள் விளையாட்டில் டீச்சர் என்று எங்கேயும் எழுதவில்லை. எட்டு மணி வண்டியில் ஒரு பையை மட்டும்தான் வரைந்திருந்தோம். அவர் பஸ் வந்து போனது. அவர் ஏறவில்லை. கட்டிப்பிடிக்கத் தோன்றியதை அடக்கிக்கொண்டு நின்றேன்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாள் முதலாளி துள்ளிக்கொண்டு வந்து ஒரு போனை என் மேசைமேல் வைத்தார்.

"பிரமாதமான ரெஃபரன்ஸ் மா! வெளிநாட்டுது. அங்க சக்கத்தா ஓடறதாம். சேம் டு சேம் பண்ணு. ஸ்கின் மட்டும் மாத்து."

எடுத்துப் பார்த்தேன். ஒரு வாய்க்கால். சாயங்காலம் ஒவ்வொன்றாகப் படகுகள் வருகின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு மணி. காலையில் அந்தந்த மணிக்குக் கிளம்ப வேண்டும். வழியில் நிற்பதை நகர்த்தினால் கரையில் உள்ள வீடுகளில் விளக்கு எரிகிறது. வாய்க்காலின் கோடிக்குப் போனேன். அங்கே நீலத் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டிய ஒரு படகு. ஐந்தை அழுத்தினேன்.

படகு அரைக்கட்டம் முன்னால் போனது. அரைக்கட்டம் பின்னால் வந்தது. தண்ணீரில் ஒரு மஞ்சள் புள்ளி தெரிந்து மறைந்தது.

நான் சிரித்த சிரிப்பில் பேக்கரிக்காரர் மேலே வந்து பார்த்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. படகு ஏன் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற வேண்டும்? தண்ணீரில் எலுமிச்சம்பழம் எதற்கு? அந்த ஊரிலும் என்னைப்போல ஒருத்தி உட்கார்ந்து, சார், இது ஏன் இப்படிப் போய்ப் போய் வருகிறது என்று கேட்டிருப்பாள். இருக்கிறதில்லையா, இருக்கட்டும் என்று அவளுக்கும் யாராவது சொல்லியிருப்பார்.

"என்ன மா? ஏன் சிரிக்கறே?" என்றார் முதலாளி.

"சார், இது நம்மளது."

அவருக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். ஐந்தை ஒரு முறை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். மறுபடியும். "நம்மளையே காப்பி அடிச்சிருக்காங்களா!" என்றார், பரிசு விழுந்தவர் மாதிரி. பக்கத்து நாற்காலிக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "தார்ப்பாய் மடிப்புக்கூட நான் போட்ட மடிப்புங்க" என்றார். எனக்கு அப்போது எங்கள் பிஸ்தா லட்டு ஞாபகம் வந்தது. அந்தப் பச்சைக் கல் யார் வீட்டுச் சங்கதியோ. எங்கேயோ ஒருவருக்குத்தான் தெரியும், அது ஏன் தும்மியது என்று.

போனை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பறந்தேன். அப்பா சுவர் ஓரம் ஸ்டூல் போட்டு, தார்ப்பாயை விலக்கி ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, உன் ஸ்கூட்டரு வெளிநாடு போயிடுச்சுப்பா!"

"இன்னாது?"

போனை அவர் கையில் கொடுத்து, ஐந்தை அழுத்தச் சொன்னேன். தடித்த விரலால் அழுத்தினார். படகு போய், வந்தது.

"இன்னா இது மஞ்சளா?"

"எலுமிச்சம்பழம்பா. நம்ம ஆயுத பூஜை பழம். அதை அப்படியே அடிச்சிட்டாங்க."

"எலுமிச்சம்பழம்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"இந்தப் படகு ஏன் போவ மாட்டேங்குதுன்னாவது?"

"அதுவும் தெரியாதுப்பா. நம்மளது போகல, அதனால அதுவும் போகாது."

அப்பா முதலில் சிரித்தார். தொடையில் தட்டிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மறுபடி அழுத்தினார். போய், வந்தது. போனையும் ஸ்கூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார். துடைத்த துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சாயங்கால வண்டிகள் சந்துக்குள் வந்துகொண்டிருந்தன. "ஐந்தரை!" என்றது ஒரு குரல். "எட்டு!" என்றார் டீச்சர்.

"ஏழு!" என்றார் அப்பா.

சந்து அப்படியே நின்றது. உருட்டிக்கொண்டு வந்தவர்கள் கை பிரேக்கில் நின்றது. அம்மா உள்ளேயிருந்து கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இன்னா நைனா, நீயா ஏழு?" என்றார் மில் ஷிஃப்ட்டுக்காரர்.

"ஆமா, ஏழு. அந்தப் படகு நகராது. என் வண்டி நகரும்" என்றார் அப்பா, தாடையில் உள்ள தழும்பைத் தடவிக்கொண்டு.

பிறகு நடந்த ரகளையை எந்தத் திரையிலும் அடக்க முடியாது. சுவர் ஓரத்து வண்டி ஏழு மணிக்கு வெளியே வர வேண்டுமென்றால், எட்டு, ஒன்பது, லீவு எல்லாம் வெளியே போய்த் திரும்ப உள்ளே வர வேண்டும். "டீச்சர், உங்களுத முனைக்கு எடுங்க", "ஏய், லாக்கு போட்டவரே, நீங்க சுவத்துக்கு வாங்க", "இந்தச் செவப்ப புடி" என்று சந்து முழுக்கக் கை. ஜன்னல் ஜன்னலாக விளக்கு எரிந்தது. பழைய ஞாபகத்தில் யாரோ கைதட்டினார்கள். நான் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். எந்த வண்டியை எங்கே போடச் சொன்னேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. இப்படி ஒரு கட்டம் என் விளையாட்டில் கிடையாது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பா தார்ப்பாயை மடித்து அம்மாவிடம் கொடுத்தார். ஸ்கூட்டர் உதைத்து உதைத்துப் பார்த்தும் கிளம்பவில்லை. பெட்ரோல் இல்லை, பேட்டரி இல்லை, டயரில் காற்றும் இல்லை. அப்பா அதைத் தள்ளிக்கொண்டு, அரையடியையும் தாண்டி, டீச்சர் வீட்டையும் தாண்டி, சந்து முனைவரை போனார். முனையில் எருமை இல்லை. இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். மெக்கானிக் கடை வலதுபக்கம். வலதுபக்கம் திரும்பினார்.